கதிர்வீச்சு சிகிச்சை: 25 நாளா, 15 நாளா?



இந்த மாதப் பாடம் மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் கதிர்வீச்சு சிகிச்சை பற்றியது. நம் பக்கத்தில் இதைக் "கரண்ட் வைக்கிறது" என்பார்கள். மார்பில் வந்த கட்டியை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் மார்பை முழுதாக எடுக்க வேண்டியதில்லை. கட்டியை மட்டும் எடுத்துவிட்டு, மீதி மார்புக்குக் கரண்ட் வைத்தால் போதும். ஆனால் கரண்ட் என்பது ஒரே நாளில் முடிகிற வேலை இல்லை. வாரத்தில் ஐந்து நாள், தொடர்ந்து ஐந்து வாரம் போக வேண்டும் என்பதுதான் பல காலமாக இருந்த வழக்கம்.

விழிதியூர் போன்ற ஊரில் இருக்கும் நமக்கு ஐந்து வாரம் என்பது சின்ன விஷயமா? "நடவு நேரத்துல ஐந்து வாரம் யாரு போயி உக்காருறது? மாட்டை யாரு பாக்குறது? முழுசா எடுத்துட்டா ஒரே வேலையா முடிஞ்சிடும்ல?" என்று பெண்கள் கேட்பது நியாயமான கேள்விதான். தூரத்துக்கும் செலவுக்கும் பயந்து மார்பை எடுக்கச் சொல்பவர்களும் உண்டு. கரண்ட்டுக்கே போகாமல் விடுபவர்களும், பாதியில் நிறுத்துபவர்களும் உண்டு.

அதனால்தான் இந்தச் செய்தியை எல்லாக் குழுக்களுக்கும் சொல்கிறோம். ஆரம்ப நிலை மார்பகப் புற்றுநோய் உள்ள பெரும்பாலான பெண்களுக்கு ஐந்து வாரம் தேவையில்லை. மூன்று வாரம் போதும். சிலருக்கு ஒரே வாரத்திலும் முடிக்கிறார்கள். இது குறைத்துக் கொடுக்கும் வைத்தியம் அல்ல, பல ஆயிரம் பெண்களிடம் சோதித்துப் பார்த்துச் சொன்னது.

கட்டி மட்டுமா, மார்பு முழுவதுமா?

2022-ஆம் ஆண்டுக் கணக்கின்படி இந்தியாவில் ஒரே வருடத்தில் சுமார் 1,92,000 பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் வந்தது. சுமார் 98,000 பேர் இறந்தார்கள். கட்டி பெரிதான பிறகு வருவது இவ்வளவு இறப்புக்கு ஒரு முக்கியக் காரணம்.

கட்டி சிறியதாக இருக்கும்போதே வந்தால், கட்டியையும் அதைச் சுற்றிக் கொஞ்சம் நல்ல சதையையும் மட்டும் எடுப்பார்கள். இது மார்பைக் காக்கும் அறுவை. அக்குளில் உள்ள நெறிகளையும் சோதிப்பார்கள். "பாதியை விட்டுவைத்தால் திரும்ப வராதா?" என்ற பயம் எல்லோருக்கும் வரும். இதை இத்தாலியிலும் அமெரிக்காவிலும் 1970-களில் தொடங்கி ஆராய்ந்தார்கள். இத்தாலியில் 701 பெண்கள், அமெரிக்காவில் 1,851 பெண்கள். ஒரு பகுதியினருக்கு மார்பு முழுதும் எடுக்கப்பட்டது, மற்றவர்களுக்குக் கட்டிப் பகுதி மட்டும். 20 வருடம் கவனித்து 2002-ல் முடிவைச் சொன்னார்கள். உயிர் வாழ்ந்த காலத்தில் இரண்டு தரப்புக்கும் வேறுபாடு இல்லை.

அப்படியானால் கரண்ட் எதற்கு? கண்ணுக்குத் தெரியாத புற்றுநோய் அணுக்கள் மீதி மார்பில் தங்கியிருக்கலாம். களை பறித்த வயலில் மண்ணுக்குள் விதை கிடப்பது போல. அவற்றை அழிப்பதுதான் கதிர்வீச்சின் வேலை. அதே அமெரிக்க ஆய்வில், கட்டியை மட்டும் எடுத்துக் கரண்ட் வைக்காதவர்களில் 20 வருடத்தில் 100-க்கு 39 பேருக்கு அதே மார்பில் நோய் திரும்பியது. கரண்ட் வைத்தவர்களில் 100-க்கு 14 பேருக்குத்தான் திரும்பியது. இன்றைக்கு மருந்துகள் நன்றாக முன்னேறியிருப்பதால் இரண்டு எண்ணிக்கையுமே குறைந்திருக்கிறது. ஆனாலும் அறுவையோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. வயதான சிலருக்கு, கட்டி மிகச் சிறியதாகவும் சாதுவான வகையாகவும் இருந்தால், கரண்ட் வேண்டாம் என்று டாக்டரே சொல்வதுண்டு. அந்த முடிவை டாக்டர்தான் எடுக்க வேண்டும், நாமாக எடுக்கக் கூடாது.

ஐந்து வாரம் எப்படிக் குறைந்தது?

கதிர்வீச்சின் அளவை 'கிரே' என்று அளக்கிறார்கள். பழைய முறையில் மொத்தம் 50 கிரே. ஒரு நாளைக்கு 2 கிரே வீதம் 25 நாள். ஒரேயடியாக அதிகம் கொடுத்தால் நல்ல சதையும் தோலும் கெட்டுவிடும், கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் நல்ல அணுக்கள் தேறிக்கொள்ளும் என்பது அதற்குக் காரணம்.

பிறகு மருத்துவர்கள் வேறு மாதிரி யோசித்தார்கள். ஒவ்வொரு நாளும் கொடுப்பதைக் கொஞ்சம் கூட்டி, மொத்தத்தைக் குறைத்தால் என்ன? கனடாவில் 1993 முதல் 1996 வரை 1,234 பெண்களைச் சேர்த்து ஆய்வு செய்தார்கள். ஒரு பிரிவுக்கு 25 நாளில் 50 கிரே. மறு பிரிவுக்கு 16 நாளில் 42.5 கிரே. பத்து வருட முடிவு 2010-ல் வந்தது. இரண்டு பிரிவிலும் 100-க்கு 6 முதல் 7 பேருக்குத்தான் அதே மார்பில் நோய் திரும்பியிருந்தது. மார்பின் தோற்றமும் இரண்டு பிரிவிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது.

பிரிட்டனில் 2,215 பெண்களிடம் இன்னொரு ஆய்வு நடந்தது. அங்கே 15 நாளில் 40 கிரே. 2013-ல் வந்த பத்து வருட முடிவில், மூன்று வாரச் சிகிச்சை ஐந்து வாரத்துக்குக் கொஞ்சமும் குறையவில்லை. மார்பு இறுகுவது, சுருங்குவது போன்ற தொந்தரவுகள் மூன்று வாரத்தில் குறைவாகவே இருந்தன. பிரிட்டனில் 2009 முதலே மூன்று வாரம்தான் வழக்கமாக இருந்தது. அமெரிக்கக் கதிர்வீச்சு மருத்துவர் சங்கமும் 2018-ல், எந்த வயதுப் பெண்ணானாலும் மார்புக்கு மட்டும் கரண்ட் வைக்கும்போது குறுகிய முறையே நல்லது என்று சொல்லிவிட்டது.

நமக்குத் தெரிந்த தவணைக் கணக்கு

"மொத்தமே குறையுதே, அப்ப வைத்தியமும் குறைஞ்சதுதானே?" என்று கேட்கத் தோன்றும். நம் குழுக் கடனை நினைத்துப் பாருங்கள். 10,000 ரூபாய் கடனை 25 மாதத்தில் அடைத்தால் தவணை சிறியது. ஆனால் வட்டி கூடி, கட்டும் மொத்தப் பணம் அதிகம். அதே கடனை 15 மாதத்தில் அடைத்தால் தவணை பெரியது, கட்டும் மொத்தம் குறைவு. இரண்டிலும் கடன் முழுசாகத் தீர்ந்துவிடும். கதிர்வீச்சும் இப்படித்தான். 15 நாள் முறையில் ஒரு நாளைக்கு 2.67 கிரே. அளவு கூடும்போது அதன் பலமும் கூடுகிறது, அதனால் மொத்தம் குறைந்தாலும் வேலை ஒன்றுதான்.

இதில் ஒரு எச்சரிக்கை. டாக்டர் 25 நாள் என்று போட்டுக்கொடுத்திருந்தால், 15 நாள் போய்விட்டு "போதும்" என்று நின்றுவிடக் கூடாது. அப்போது உடம்பில் சேர்ந்தது 30 கிரேதான், 40 இல்லை. 25 தவணைக் கடனில் 15 தவணை கட்டிவிட்டு நின்றால் கடன் தீருமா? எத்தனை நாள் என்பதைத் தொடங்கும் முன்பே பேசி முடிவு செய்ய வேண்டும். தொடங்கிய பிறகு ஒரு நாளும் விடக் கூடாது.

ஒரே வாரத்தில் முடியுமா?

பிரிட்டனில் 2011-க்கும் 2014-க்கும் இடையில் 4,096 பேரைச் சேர்த்து, ஐந்தே நாளில் 26 கிரே கொடுத்துப் பார்த்தார்கள். அதை மூன்று வார முறையோடு ஒப்பிட்டார்கள். ஐந்து வருட முடிவு 2020-ல் வந்தது. நோய் திரும்பியது மூன்று வாரப் பிரிவில் 100-க்கு 2 பேர், ஒரு வாரப் பிரிவில் 100-க்கு 1 அல்லது 2 பேர். மார்பில் ஓரளவு அல்லது அதற்கு மேல் மாற்றம் தெரிந்தவர்கள் மூன்று வாரத்தில் 100-க்கு 10 பேர், ஒரு வாரத்தில் 100-க்கு 12 பேர். கொரோனா காலத்தில் மருத்துவமனைக்கு வருவதைக் குறைக்க வேண்டியிருந்ததால், பல நாடுகளில் இந்த ஒரு வார முறை வேகமாகப் பரவியது.

நம் நாட்டிலும் 2019-ல் கொல்கத்தாவின் டாட்டா மெடிக்கல் சென்டர் தலைமையில் ஓர் ஆய்வு தொடங்கியது. ஒரு வாரமா, மூன்று வாரமா என்று இந்தியப் பெண்களிடம் ஒப்பிடும் ஆய்வு அது. கவனியுங்கள், இங்கே மூன்று வாரத்தைத்தான் வழக்கமான முறையாக வைத்துக்கொண்டார்கள்.

நம் ஊர்க் கணக்கு

காரைக்காலிலிருந்து புதுச்சேரி சுமார் 130 கிலோமீட்டர். போக வர 260. தினமும் போய்வந்தால் 25 நாளுக்கு 6,500 கிலோமீட்டர், 15 நாளுக்கு 3,900, ஐந்து நாளுக்கு 1,300. உடம்பு முடியாதவர் தினமும் இப்படிப் போய்வருவது கஷ்டம். அங்கேயே தங்குவதாக வைத்துக்கொள்வோம். திங்கள்கிழமை தொடங்கினால், இடையில் வரும் சனி, ஞாயிறையும் சேர்த்து 25 நாள் முறைக்கு 33 நாள் தங்க வேண்டும். 15 நாள் முறைக்கு 19 நாள். ஒரு வார முறைக்கு 5 நாள்.

நோயாளிக்கும் கூடப்போகிறவருக்கும் ஆளுக்கு 300 ரூபாய் கூலி போகிறது, சாப்பாட்டுக்கும் தங்கவும் 300 ரூபாய் ஆகிறது என்று கணக்குக்கு வைத்துக்கொண்டால், ஒரு நாளுக்கு 900 ரூபாய்.

33 நாளுக்கு 29,700 ரூபாய்.
19 நாளுக்கு 17,100 ரூபாய்.
5 நாளுக்கு 4,500 ரூபாய்.

காப்பீட்டு அட்டை சிகிச்சைச் செலவைத் தாங்கும். போன கூலியைத் தராது. ஐந்துக்கும் மூன்றுக்கும் நடுவே உள்ள 12,600 ரூபாய், ஒரு பெண் மார்பைக் காப்பாற்றிக்கொள்வதா வேண்டாமா என்பதையே முடிவு செய்துவிடலாம்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. ஒரு கரண்ட் மெஷினில் 75 முறை வைக்கும் நேரத்தில் பழைய முறையில் 3 பெண்களுக்கு முடியும். 15 நாள் முறையில் 5 பெண்களுக்கு முடியும். வரிசையில் காத்திருக்கும் அடுத்த பெண்ணுக்கும் சீக்கிரம் இடம் கிடைக்கும்.

யாருக்குக் கூடுதல் நாள் ஆகலாம்?

சிலருக்கு, முக்கியமாக வயது குறைந்தவர்களுக்கு, கட்டி இருந்த இடத்துக்கு மட்டும் கூடுதலாகச் சில நாள் வைப்பார்கள். அக்குள் நெறியில் நோய் பரவியிருந்தால் அந்த இடத்துக்கும் வைக்க வேண்டிவரும். பெரிய கட்டி, பரவிய நோய், கர்ப்பம், முன்பே நெஞ்சில் கரண்ட் வைத்திருப்பது ஆகியவற்றில் முறையே மாறும். அதனால் பக்கத்து வீட்டு அக்காவுக்கு 15 நாள் என்றால் நமக்கும் 15 நாள்தான் என்று அடம்பிடிக்க முடியாது. கேட்பது நம் உரிமை. தீர்மானிப்பதை டாக்டரோடு சேர்ந்து செய்ய வேண்டும்.

கரண்ட் வைக்கும்போது என்ன நடக்கும்?

அறுவைக் காயம் ஆறிய பிறகு, வழக்கமாக ஒன்றிரண்டு மாதத்துக்குள் தொடங்குவார்கள். கீமோ இருந்தால் அது முடிந்த பிறகு. முதலில் ஒரு நாள் சிடி ஸ்கேன் எடுத்து, எந்த இடத்தில் கதிர் பட வேண்டும் என்று திட்டம் போட்டு, தோலில் அடையாளம் வைப்பார்கள். அந்த அடையாளத்தைத் தேய்த்துக் கழுவிவிடக் கூடாது. பிறகு தினமும் மேசையில் கையைத் தலைக்கு மேல் தூக்கி வைத்து அசையாமல் படுக்க வேண்டும். கதிர் படுவது சில நிமிடம்தான். வலிக்காது, ஷாக் அடிக்காது. பெயரில்தான் கரண்ட் இருக்கிறது. கை நன்றாகத் தூக்க வர வேண்டும் என்பதால், அறுவை முடிந்ததும் சொல்லித்தரும் கைப்பயிற்சியை விடாமல் செய்யுங்கள்.

நாளாக ஆகத் தோல் சிவக்கும் அல்லது கறுக்கும், அரிக்கும். அசதி இருக்கும். சிகிச்சை முடிந்த ஒன்றிரண்டு வாரம் தோல் இன்னும் கொஞ்சம் மோசமாகத் தெரிந்து, பிறகு ஆறும். தளர்வான பருத்தி ரவிக்கை போடுங்கள். மிதமான சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் போதும். டாக்டரைக் கேட்காமல் மஞ்சள், எண்ணெய், பச்சிலை எதையும் பூச வேண்டாம். அந்த இடத்தில் வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தோல் உரிந்து நீர் கசிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே சொல்லுங்கள்.

கேள்வியும் பதிலும்

"கரண்ட் வச்சுக்கிட்டு வந்து பிள்ளையைத் தூக்கலாமா அக்கா?"
தாராளமாகத் தூக்கலாம். வெளியிலிருந்து மெஷினால் வைக்கும் கதிர் உடம்பில் தங்காது. பக்கத்தில் படுக்கலாம், சமைக்கலாம். புற்றுநோய் தொற்றுநோய் அல்ல.

"தலைமுடி கொட்டிடுமா?"
மார்புக்கு வைக்கும் கரண்ட்டால் தலைமுடி கொட்டாது. முடி கொட்டுவது சில கீமோ மருந்துகளால்.

"நாள் குறைச்சல்னா ஏழைங்களுக்குன்னு குடுக்குற மட்டமான வைத்தியமா?"
இல்லைம்மா. வசதியான நாடுகளில் அங்குள்ள பெண்களுக்கே முதலில் வழக்கமாக்கியது இது.

"முழுசா எடுத்துட்டா கரண்ட்டே வேணாம்தானே?"
எப்போதும் அப்படி இல்லை. கட்டி பெரிதாக இருந்தாலோ, அக்குள் நெறியில் நோய் இருந்தாலோ, மார்பை முழுதாக எடுத்த பிறகும் கரண்ட் வைக்க வேண்டிவரும். அந்தக் காரணத்துக்காக மட்டும் மார்பை இழக்க வேண்டாம்.

எங்கே போவது?

மார்பில் கட்டி, தோல் உள்ளிழுத்தல், காம்பில் ரத்தம் அல்லது நீர், அக்குளில் கட்டி என்று எது தெரிந்தாலும் முதலில் ஆரம்ப சுகாதார நிலையம் அல்லது காரைக்கால் அரசு பொது மருத்துவமனையில் காட்டுங்கள். வலி இல்லை என்று விட்டுவிடாதீர்கள். ஆரம்பக் கட்டி பெரும்பாலும் வலிக்காது. 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு மார்புப் பரிசோதனை செய்வது அரசுத் திட்டத்திலேயே இருக்கிறது. கேட்டுப் பெறுங்கள்.

கதிர்வீச்சு வசதி புதுச்சேரி ஜிப்மரில் இருக்கிறது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் இருக்கிறது. சென்னையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. ஆயுஷ்மான் பாரத் அட்டை இருந்தால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைக்கு உதவும். சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கும் கூடப்போகும் ஒருவருக்கும் ரயில் கட்டணச் சலுகை உண்டு. அதற்கான சான்றை மருத்துவமனையிலேயே கேட்டு வாங்குங்கள்.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை

(இதை ஒரு தாளில் எழுதிக் கையில் கொண்டுபோங்கள்)

1. எனக்குக் கட்டியை மட்டும் எடுத்தால் போதுமா?
2. அதற்குப் பிறகு கரண்ட் எத்தனை நாள்? மூன்று வார முறை எனக்குப் பொருந்துமா?
3. ஒரு வார முறை இங்கே இருக்கிறதா? எனக்கு ஒத்துவருமா?
4. கட்டி இருந்த இடத்துக்குக் கூடுதல் நாள் உண்டா?
5. எப்போது தொடங்கும்? எத்தனை நாள் காத்திருக்க வேண்டும்?
6. ஒரு நாள் வர முடியாமல் போனால் யாரிடம் சொல்வது?

குழு செய்யக்கூடியவை

உறுப்பினர் ஒருவருக்கு இந்த நோய் என்று தெரிந்தால், அறுவைக்கு முன்பே ஊக்குநரோ பிரதிநிதியோ ஒருவர் கூடப்போய் மேலே உள்ள கேள்விகளைக் கேட்க உதவலாம். கரண்ட் நடக்கும் நாட்களில் வீட்டு வேலை, மாடு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் ஆகியவற்றை முறைவைத்துப் பார்த்துக்கொள்ளலாம். பயணத்துக்கும் தங்குவதற்கும் குழுவின் உள்கடனில் முன்னுரிமை தரலாம். அந்த மாதங்களில் தவணையைத் தள்ளிவைக்கத் தீர்மானம் போடலாம். வீட்டுக்காரரிடமும் மாமியாரிடமும் நாலு பேராகப் போய்ப் பேசினால் பாதி கஷ்டம் குறையும்.

கூட்டத்தில் கலந்து பேச

1. நம் ஊரில் சிகிச்சையைப் பாதியில் விட்டவர்கள் எதனால் விட்டார்கள்?
2. 19 நாள் ஒரு பெண் வீட்டை விட்டு இருக்க வேண்டுமானால் நம் குழு என்ன செய்யும்?
3. நம் குழுவில் 30 வயதுக்கு மேற்பட்டவர்களில் எத்தனை பேர் மார்புப் பரிசோதனை செய்துகொண்டிருக்கிறோம்?

நினைவில் வைப்போம்

சீக்கிரம் காட்டினால் மார்பையும் காக்கலாம், உயிரையும் காக்கலாம். கட்டியை எடுத்த பிறகு கரண்ட் அவசியம். பெரும்பாலானவர்களுக்கு மூன்று வாரம் போதும். தொடங்குவதற்கு முன் கேளுங்கள், தொடங்கிவிட்டால் முடிக்காமல் திரும்பாதீர்கள். மூன்றாவது கேள்விக்கான பதிலை ஒவ்வொரு குழுவும் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டுவரும்படி கேட்டுக்கொள்கிறோம்.